ஸ்கேனில் அப்பெண்டிக்ஸ் தெரியவில்லையாம், பையனோ நிமிர்ந்து நடக்க மாட்டேன் என்கிறான்

திண்ணைப்பேச்சு:
என் பையனுக்கு 8 வயது. நேற்று சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்ததும் தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்றான். குடலேற்றம்தான் என்று மாமியார் விளக்கெண்ணெய் தடவி நீவி விட்டார். ராத்திரி இரண்டு தடவை வாந்தி, இட்லியைக் காட்டினாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறான், காலையில் பார்த்தால் வலி வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கிவிட்டது. காய்ச்சல் 100.6. ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தமும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் பார்த்தார்கள். வெள்ளை அணு 15,800, ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘அப்பெண்டிக்ஸ் தெரியவில்லை, வாயு அதிகம்’. டியூட்டி டாக்டர் ஆன்டிபயாடிக் சிரப் எழுதிக் கொடுத்து நாளை மறுநாள் வரச் சொன்னார். திரும்பி வரும்போது ஆட்டோ ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கும்போதும் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். காத்திருக்கலாமா, இல்லை சிடி ஸ்கேன் எடுக்கச் சொல்லட்டுமா?

ஈரோட்டுக்காரன்:
காத்திருக்காதீங்க அக்கா. என் மகளுக்கு 4 வயதில் இதே வலி, கூடவே பேதியும் போனதால் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நாங்களே முடிவு கட்டி மூன்று நாள் மோரும் கஞ்சியுமாக ஓட்டினோம். மூன்றாம் நாள் மத்தியானம் வலி விட்டுவிட்டது என்று சிரித்தாள், நாங்களும் சந்தோஷப்பட்டோம், ஆனால் அப்பெண்டிக்ஸ் வெடித்த நேரம் அது. ராத்திரி வயிறு கல் மாதிரி ஆகிவிட்டது. சீழ் எடுக்க டியூப் வைத்து 9 நாள் வார்டில் கிடந்தோம்.

கத்திரிக்கோல்:
நான் குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவில் வேலை பார்ப்பவன். திண்ணை, ‘தெரியவில்லை’ என்றால் ‘இல்லை’ என்று அர்த்தம் கிடையாது. வாயு மறைத்தால், குடல்வால் (அதுதான் அப்பெண்டிக்ஸ்) பெருங்குடலுக்குப் பின்னால் மடிந்து கிடந்தால், நல்ல கைக்குக்கூட அகப்படாது. அகப்பட்டால் 6 மி.மீ.க்கு மேல் தடித்திருக்கிறதா, அமுக்கினால் அமுங்குகிறதா என்று பார்ப்போம். குழந்தைகளுக்கு 10 மதிப்பெண்ணுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். வலி இடம் மாறியது, பசியின்மை, வாந்தி, காய்ச்சல், வெள்ளை அணு கூடியது என்று நீங்கள் எழுதியதிலேயே 5 வந்துவிட்டது. வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதற்கும், இருமினாலோ குதித்தாலோ வலிக்கிறதா என்பதற்கும் இன்னும் 4 பாக்கி. அது அனுபவப்பட்ட கையால்தான் நடக்க வேண்டும், இன்றைக்கே.

எடுத்தவுடன் சிடி வேண்டாம், கதிர்வீச்சு இருக்கிறது. மறுபடி ஸ்கேன் பார்த்து, அதிலும் குழப்பம் தீராவிட்டால் யோசிக்கலாம். விதைப்பையையும் பார்க்கச் சொல்லுங்கள், விதை முறுக்கிக்கொண்டாலும் பையன்கள் வயிறு வலிக்கிறது என்றுதான் சொல்வார்கள். இனி நீவ வேண்டாம், குடிக்க விளக்கெண்ணெய் வேண்டவே வேண்டாம், போகிற வழியில் எதுவும் ஊட்டாதீர்கள், கடைசியாக என்ன, எத்தனை மணிக்குச் சாப்பிட்டான் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், மயக்க மருந்து டாக்டர் அதைத்தான் முதலில் கேட்பார்.

மாடிவீடு:
ஆன்டிபயாடிக்கிலேயே சரியாகிவிடும், ஆபரேஷன் எல்லாம் காசு பிடுங்கும் வேலை என்கிறார்களே சார்?

கத்திரிக்கோல்:
பாதி உண்மை. வெடிக்காத கேஸில், அட்மிட் செய்து நரம்பில் மருந்து ஏற்றி, பக்கத்திலேயே இருந்து கவனித்தால் சில பிள்ளைகள் கத்தி படாமல் தப்பிக்கலாம். கனடா, அமெரிக்கா, பின்லாந்து, ஸ்வீடன், சிங்கப்பூர் ஆஸ்பத்திரிகளில் பிள்ளைகளை வைத்து நடத்திய பெரிய ஆய்வு 2025இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. மருந்து மட்டும் கொடுத்தவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு ஒரு வருடத்துக்குள் அந்த வைத்தியம் பலிக்காமல் போனது. குடல்வாலுக்குள் மலக்கல் அடைத்திருந்தால் இன்னும் மோசம். வீட்டில் ஸ்பூனில் ஊற்றும் சிரப் இந்தக் கணக்கில் சேராது. அதற்காக அட்மிட் ஆன ராத்திரியே கத்தி வைத்தாக வேண்டும் என்றும் இல்லை, வெடிக்காத கேஸ் என்றால் மருந்தும் குளுக்கோஸும் ஏற்றிக்கொண்டே காலை வரை பொறுக்கலாம்.

திண்ணைப்பேச்சு:
நேற்று மத்தியானமே வேறு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விட்டோம். அந்த சர்ஜன் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கவே இல்லை. “தம்பி, எங்கே ஒரு குதி குதி பார்க்கலாம்” என்றார். குதிகால் தரையை விட்டு எழும்பவில்லை, அதற்குள் கண்ணில் தண்ணீர். மறு ஸ்கேனில் 9 மி.மீ., உள்ளே ஒரு கல். லேப்ராஸ்கோப்பியில் மூன்று ஓட்டை போட்டு இன்று காலை எடுத்துவிட்டார்கள், வெடிக்கவில்லை. ஸ்டீல் தட்டில் வைத்துக் காட்டினார்கள், என் சுண்டுவிரல் பருமனுக்கு வீங்கிச் சிவந்திருந்தது, அதைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். இப்போது தண்ணீர் குடிக்கிறான். நாளைக்கு இட்லி கொடுக்கலாம் என்றார்கள், மாமியார் இப்போதே மாவைக் கரைக்கிறார்.

ஈரோட்டுக்காரன்:
அப்பாடா. தையல் பிரித்ததும் ஒரு வரி போடுங்க அக்கா.