ஸ்கிரீன்ல பொருந்துச்சு, கையில பொருந்தல: டிஜிட்டல் லெகோ மாடல் போட்டவங்க உங்க கதையச் சொல்லுங்க

நாலுகுமிழ்

ரெண்டு வாரமா உறுத்திட்டே இருக்கு. இங்க கொட்டிடறேன்.

பழைய பாம்பன் பாலத்தோட நடுப்பகுதிய ஸ்டூடியோவுல, அதான் லெகோ மாடல் டிசைன் பண்ற மென்பொருள்ல, போட்டேன். ஷெர்சர் தூக்குதான், கப்பல் வந்தா ரெண்டு கையையும் மேல தூக்கிட்டு நின்னுச்சே, அது. 1914ல திறந்தது. பக்கத்துல செங்குத்தாத் தூக்குற புதுப் பாலம் 2025 ஏப்ரல்ல வந்துருச்சு, இனி பழசு என்னாகுமோங்கிற பதட்டத்துல மூணு மாசம் ராத்திரி ராத்திரியா உக்காந்து போட்டது. நிஜப் பாலத்துல ஆளுங்க கையால சுத்தித்தான் தூக்கினாங்க, அதனால நானும் கைப்பிடி வச்சு, 8 பல் கியர், 24 பல் கியர் எல்லாம் வச்சேன். ஸ்கிரீன்ல அம்சமா இருந்துச்சு. ஸ்டெப் பிரிச்சு பிடிஎஃப் எடுத்து, பிரிண்ட் போட்டு, ஸ்பைரல் பைண்டிங்கும் பண்ணி, கல்லெல்லாம் வாங்கி அக்கா பொண்ணு பொறந்த நாளுக்குக் குடுத்தேன். பத்து வயசு.

பக்கத்துல சோபாவுல உக்காந்து பாத்துட்டே இருந்தேன், வாயத் தொறக்கக் கூடாதுன்னு முடிவோட. 57வது ஸ்டெப் வரைக்கும் மழை மாதிரி போட்டா. 58ல 8 ஸ்டட் (கல்லு மேல இருக்குற குமிழ்) நீள ஆக்ஸில். ரெண்டு கர்டரையும் குத்திட்டு நேரா போகணும். ஆனா வெளிப்பக்கத் தூண் சுவர 41லயே மூடியாச்சு. தூணுக்கும் கர்டருக்கும் நடுவுல 3 ஸ்டட் இடம். 8 நீளக் கம்பிய 3 இடத்துல எப்படி நுழைக்கிறது? ஸ்கிரீன்ல நான் மவுஸால அந்தரத்துல இருந்து உள்ள கொண்டு போய் வச்சிருக்கேன், சுவரெல்லாம் அதுக்குக் கணக்கே இல்ல.

அவ கம்பிய இந்தப் பக்கம் வச்சுப் பாத்தா, அந்தப் பக்கம் வச்சுப் பாத்தா. அப்புறம் புக்கத் தூக்கி ஸ்பைரல் கிட்ட விரல விட்டுப் பக்க நம்பர எண்ண ஆரம்பிச்சா. "மாமா, நடுவுல ஒரு பக்கம் விட்டுப் போச்சு போல."

விட்டுப் போகலன்னேன். நிமிந்து பாத்து, "நீங்க இதக் கட்டிப் பாத்தீங்கல்ல?"ன்னா.

"ம், பாத்தேனே."

பாக்கல. ஒரு கல்லக்கூடத் தொடல.

மிளகாய்ப்பழ நிறம்

உங்களுதாவது ஆக்ஸில். எங்க வீட்டுல குடும்ப ரகசியமே வெளிய வந்துச்சு.

அப்பா ரிட்டயர் ஆகி போரடிக்குதுன்னாருன்னு சின்னதா ஒரு ஓட்டு வீடு டிசைன் பண்ணி இன்ஸ்ட்ரக்‌ஷன் போட்டுக் குடுத்தேன். கூரை சிவப்பு, முன்னாடி தோட்டம் பச்சை. மணிக்கணக்கா உக்காந்து கட்டி, பெருமையா ஹால்ல கொண்டு வந்து வச்சாரு. கூரையில பாதி பச்சை. தோட்டத்துல அங்கங்க சிவப்பு, பூன்னுகூடச் சொல்ல முடியாது. நான் ஏதோ கிண்டல் பண்றாருன்னு நெனச்சேன். "என்னடா, புக்குல உள்ளபடிதானே வச்சிருக்கேன்"ன்னாரு. முகத்துல ஒரு சிரிப்பும் இல்ல.

62 வயசுல அன்னிக்குத்தான் தெரிஞ்சுது அவருக்குச் சிவப்பு-பச்சை வித்தியாசம் சரியாத் தெரியாதுன்னு. அம்மா அடுப்படியில இருந்து, "அதான் பச்சை மிளகாய் வாங்கச் சொன்னா பழுத்ததயும் சேத்து அள்ளிட்டு வருவீங்களா"ன்னாங்க. முப்பத்தஞ்சு வருசச் சண்டை அன்னிக்குத் தீந்துச்சு.

நான்தான் யோசிச்சிருக்கணும். இப்பல்லாம் ஒவ்வொரு ஸ்டெப் பெட்டியிலயும் கல்லுக்குக் கீழ நிறத்தோட பேர எழுதிடறேன்.

ஐந்துக்கு இரண்டு

நாலுகுமிழ், வருத்தப்படாமல் கேளுங்கள். சுவர் கணக்கில் இல்லை என்று மென்பொருள் மேல் பாரத்தைப் போடுகிறீர்கள். மோதல் காட்டும் வசதி அதில் இருக்கிறது. அது சொல்வது ஒன்றுதான்: முடிந்த நிலையில் இரண்டு கல் ஒரே இடத்தில் இருக்கிறதா. அந்த இடத்துக்குக் கல் எந்த வழியாக வந்தது என்பது அதன் வேலை இல்லை, உங்கள் வேலை.

என் அனுபவம் சிறியது. சாம்பல் பூத்த பச்சையில் ஒரு வளைந்த கல்லை நாற்பது இடத்தில் வைத்துவிட்டு வாங்கப் போனேன். அந்த வடிவம் அந்த நிறத்தில் வார்க்கப்பட்டதே இல்லை. நிறம் இருக்கிறது, வடிவம் இருக்கிறது, இரண்டும் சேர்ந்து இல்லை. ஸ்கிரீனில் எந்தக் கல்லுக்கும் எந்த நிறமும் பூசலாம் என்பதால் வந்த வினை. அவ்வளவுதான்.

இனி உங்களுக்குப் பயன்படுவது.

முடித்த மாடலை ஒரு நகல் எடுத்து, கடைசி ஸ்டெப்பிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு கல்லாகக் கழற்றிக்கொண்டே வாருங்கள். அழிக்காதீர்கள், நகர்த்துங்கள். எந்தத் திசையில் இழுத்தால் எதிலும் இடிக்காமல் வெளியே வருகிறதோ அந்தத் திசையில்தான் கட்டுபவர் கை உள்ளே போகும். வெளியே வராத கல் உள்ளேயும் போகாது. இதைச் செய்திருந்தால் உங்கள் ஆக்ஸில் சிக்கல் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

தூக்கும் கையைத் தனி துணை மாடலாக வையுங்கள். கியர், ஆக்ஸில் எல்லாம் அதற்குள் முடியட்டும். முழுக் கையும் தயாரான பிறகு தூணில் உட்காரட்டும். நிஜ இரும்பு வேலையிலும் அப்படித்தான்.

ஒரு ஸ்டெப்பில் மூன்று கல்லுக்கு மேல் வேண்டாம். கறுப்புக் கல்லின் விளிம்புக் கோட்டை வெளிறிய நிறத்துக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் கறுப்பு மேல் கறுப்பு ஒரே மை. புதிதாகச் சேரும் கல்லைச் சுற்றி வண்ணக் கோடு போடுங்கள். மாடலைத் திருப்பினால் திருப்பும் அம்புக்குறியைத் தவறாமல் வையுங்கள். பக்கவாட்டில் கல் பதிக்கும்போது 5 பிளேட் (மெல்லிய தட்டைக் கல்) உயரம் 2 ஸ்டட் அகலத்துக்குச் சமம் என்பதை மறக்காதீர்கள். பிளேட் 3.2 மில்லிமீட்டர், ஐந்து சேர்ந்தால் 16. ஸ்டட் இடைவெளி 8, இரண்டு சேர்ந்தால் 16. இது புரியாமல் பலர் பக்கவாட்டு வேலையில் அரை மில்லிமீட்டர் இடுக்கை விட்டுவிட்டு, கல் தேய்ந்திருக்கிறது என்கிறார்கள்.

பிரிண்ட் எடுக்காதீர்கள். டேப்லெட் போதும்.

நாலுகுமிழ்

பின்னோக்கிக் கழட்டுறது நல்ல யோசனை சார், நன்றி. மென்பொருள நான் குறை சொல்லல. நான் சொல்ல வந்ததே கடைசி வரி.

ஜூரோங் ஜோதி

மூணு கல்லுக்கு மேல வேண்டாமா? அண்ணே, நான் அதக் கேட்டு நாசமாப் போனவ. யாரோ அதே அட்வைஸ் குடுத்தாங்கன்னு 1,100 கல்லு மாடலுக்கு ஸ்டெப் பிரிச்சேன், 400 பக்கத்தத் தாண்டிப் போச்சு. வீட்டுக்காரரு கட்ட உக்காந்தாரு. ஒரு தரை முழுக்க ஒரே மாதிரி டைல், ஒட்டுறது மட்டும் பதினாறு பக்கம். பன்னெண்டாவது பக்கத்துல புக்க என் பக்கம் திருப்பி, "இது என்ன ஃபிளிப் புக்கா, வேகமாப் புரட்டினா ஓடுமா?"ன்னு கேட்டு, நிஜமாவே கட்டைவிரலால சர்ருனு புரட்டிக் காமிச்சாரு. ஓடுச்சு! தரை தானா வளந்துச்சு!

கியர் இருக்குற இடத்துல ஒரு கல்லுக்கு ஒரு ஸ்டெப் வைங்க. தரையில அத்தனை டைலையும் ஒரே பக்கத்துல போட்டுட்டுப் போங்க, யாரும் தப்பு பண்ண மாட்டாங்க.

டேப்லெட்டும் சரி வராது. ரெண்டு கையிலயும் கல்லு இருக்கும்போது ஸ்கிரீன் அணைஞ்சு போகும், மூக்கால தொட்டு எழுப்பியிருக்கேன்.

பழைய டாஸ் ஆள்

நான் டொரொன்டோவில இருக்கிறன். உங்களுக்கெல்லாம் மவுஸால இழுத்து வைக்கிற காலம். நான் துவங்கேக்க எல்டிரா (LDraw) எண்ட லெகோ வரையிற மென்பொருள் மட்டும்தான். அவுஸ்திரேலியாக்காரப் பெடியன் ஜேம்ஸ் ஜெஸ்ஸிமன் 1995ல டாஸில, விண்டோஸுக்கு முந்தின கணினி முறையில, எழுதி வெளியிட்டது. 1997ல அவர் போயிட்டார், நல்ல இளம் வயசு. ஆனா அவற்ற கோப்பு முறைதான் இண்டைக்கும் ஓடுது. ஸ்டூடியோவில இருந்து கோப்பை அந்த முறையில எடுத்து நோட்பேட்டில திறந்து பாருங்கோ. ஒரு வரிக்கு ஒரு கல். நிறத்துக்கு ஒரு எண், இடத்துக்கு மூண்டு எண், திருப்பத்துக்கு ஒன்பது எண், கடைசியா கல்லின்ர எண். சிவப்பு எண்டால் 4. ரெண்டுக்கு நாலு கல் எண்டால் 3001. கல்லின்ர உயரம் 24 அலகு, ஸ்டட்டுக்கு ஸ்டட் 20 அலகு.

எனக்கு அப்ப நோட்பேட்டில கையால எழுதிறதில ஒரு விசர். யாழ்ப்பாணம் பொது நூலகத்தை எழுதத் துவங்கினன். நான் படிச்ச இடம். 81ல எரிஞ்சது எல்லாருக்கும் தெரியும், அதைப் பற்றி இங்க கதைக்க வரேல்ல. வெள்ளைக் கல், நடுவில குவிமாடம். ஒவ்வொரு வரிசையும் முதல் வரிசையை விட 24 கூட, 48 கூட எண்டு நாலு கிழமை தட்டெழுதி, ஒரு இரவு எல்லாத்தையும் சேர்த்துத் திறந்தன்.

வாசல்படி மேல நிக்குது. குவிமாடம் எல்லாத்துக்கும் அடியில கிடக்குது.

அந்த முறையில மேல எண்டால் மைனஸ். நான் பிளஸ் போட்டு நிலத்துக்குள்ள கட்டிக்கொண்டு போயிருக்கிறன். வடிவாப் பாத்தால் ஒவ்வொரு கல்லும் நேராத்தான் இருக்குது, குமிழ் மேல பாத்தபடி. அடுக்குத்தான் கீழ கீழ போகுது. மகனுக்கு அப்ப ஏழு வயசு, நித்திரையால எழும்பி வந்து பின்னால நிண்டவன், "அப்பா, லைப்ரரி கிணத்துக்குள்ள விழுந்திட்டுதோ?" எண்டான்.

ஒவ்வொரு வரியிலயும் மைனஸ் போட்டு முடிக்க விடிஞ்சிட்டுது. ஒரேயடியா மாத்தியிருக்கலாம், எனக்கு அண்டைக்கு அப்பிடிச் செய்ய மனம் வரேல்ல.

ஐந்துக்கு இரண்டு

ஐயா, மொத்தமாக மாற்றும் கட்டளையில் இடத்துக்கான நடு எண்ணை மட்டும் தேர்ந்தெடுத்து

ஐந்துக்கு இரண்டு

மன்னிக்கவும், பாதியில் அனுப்பிவிட்டேன். கடைசி வரியை இப்போதுதான் படித்தேன். விடுங்கள்.

தட்டுக்கல்

நான் படமே இல்லாம இன்ஸ்ட்ரக்‌ஷன் எழுதினவ.

காலேஜ் தோழி ஒருத்தி, கண் தெரியாது, இப்ப டீச்சரா இருக்கா. 2019ல லெகோ கம்பெனியே ஒலியிலயும் பிரெய்லிலயும் கட்டுமுறை வெளியிட்டுச்சு தெரியுமா? அதுக்குப் பின்னாடி நின்னவரு மேத்யூ ஷிஃப்ரின்னு ஒரு அமெரிக்கர், பிறவியிலயே பார்வை இல்லாதவர். அவருக்குச் சின்ன வயசுல குடும்பத்துக்கு வேண்டிய ஒரு அம்மா ஒவ்வொரு ஸ்டெப்பா வார்த்தையில எழுதிக் குடுத்திருக்காங்க. அதப் படிச்சுட்டு எனக்கும் வேகம் வந்துருச்சு. 38 கல்லுல ஒரு ஆட்டோ டிசைன் பண்ணேன். கல்லை ஸ்டெப் வாரியா கவர்ல பிரிச்சு, பிரெய்ல் ஒட்டி அனுப்பிட்டு, எழுத்து ஃபைல போன்ல அனுப்பினேன். அவ போன் அத வாசிச்சுக் காட்டும்.

ஒம்பதாவது ஸ்டெப்புல கூப்பிட்டா. "இடது பக்கம் ரெண்டாவது குமிழ்னு எழுதியிருக்கியே. யாருக்கு இடது? எனக்கா, உனக்கா, ஆட்டோவுக்கா?"

எனக்குப் பதில் வரல. ஸ்டூடியோவுல எட்டாவது ஸ்டெப்புக்கப்புறம் பார்வைக் கோணத்தத் திருப்பியிருக்கேன், பின்பக்கம் தெரியணும்னு. என் இடது மாறிருச்சு. அவ கையில இருக்குற ஆட்டோவ யாரும் திருப்பச் சொல்லலயே! அவ விரல் அதே பழைய இடத்துல நிக்குது.

சரி, காருக்குச் சொல்ற மாதிரி டிரைவர் பக்கம்னு வச்சுக்கலாம்னேன். "ஆட்டோல டிரைவர் நடுவுலல்ல உக்காருவாரு"ன்னா. ரெண்டு பேரும் சிரிச்சு முடிச்சு, கடைசில மீட்டர் இருக்குற பக்கம், மீட்டர் இல்லாத பக்கம்னு வச்சுக்கிட்டோம். மொத ஸ்டெப்பே மீட்டர்க் கல்ல மாட்டுறதுன்னு மாத்தினேன், அப்பதான் விரலுக்கு ஒரு அடையாளம் கிடைக்கும். கட்டி முடிச்சுட்டு, "இந்த ஆட்டோவுக்காவது மீட்டர் இருக்கே"ன்னா.

படம் போடுற மாடலுக்கும் இப்ப மொதல்ல வார்த்தையில எழுதிப் பாக்கறேன். எழுத வராத ஸ்டெப், கட்டவும் வரல.

மிளகாய்ப்பழ நிறம்

நாலுகுமிழ், பாலம் கடைசில திறந்துச்சா இல்லையா? அதச் சொல்லாமப் போயிட்டீங்க.

நாலுகுமிழ்

திறந்துச்சு. நான் ஒண்ணுமே சொல்லல, அவளே 41ல போட்ட சுவரக் கழட்டினா. இடுக்குல இருந்த ஒரு பிளேட்டப் பல்லால கடிச்சு எடுத்தா, அக்கா கத்துனாங்க. ஆக்ஸில நுழைச்சுட்டு சுவரத் திரும்ப வச்சா. கைப்பிடியச் சுத்தினா ஒரு கை தூக்குது. இன்னொரு கை பாதியிலயே நிக்குது, அங்க கியர் பல்லு சரியாக் கடிக்கல. அதுவும் என் தப்பா இருக்கும்.

ஐந்துக்கு இரண்டு சார் சொன்ன மாதிரி பின்னோக்கிக் கழட்டிப் பாத்தேன் நேத்து. 58 மட்டும் இல்ல, 72லயும் ஒரு கல் வெளிய வரல. அவ அதப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. புக்க போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். 41க்குப் பக்கத்துல பென்சில்ல "இப்ப வேணாம்", 58ல "இப்ப", 72க்கு மேல "69க்கு முன்னாடி"ன்னு எழுதி வச்சிருக்கா, யாரோ அடுத்துக் கட்ட வரப் போற மாதிரி.

திருத்தின பிடிஎஃப அனுப்பி, இந்தத் தடவ நானே கட்டிப் பாத்துட்டேன்னு மெசேஜ் போட்டேன். அக்கா போன்ல இருந்து அவதான் பதில் போட்டிருக்கா:

"அப்ப அன்னிக்கு?"

காலையில இருந்து டைப் பண்ணி டைப் பண்ணி அழிச்சிட்டிருக்கேன்.