புதுப்பிப்பு: டீசல் காருக்குப் பெட்ரோல் போட்ட விவகாரம்

நீடாமங்கலம் அருகே ஒரு பங்கில் அப்பாவின் டீசல் காருக்கு ஊழியர் பெட்ரோல் நிரப்பிவிட்டதைப் பற்றி முன்பு கேட்டிருந்தேன். கார் இப்போது நன்றாக ஓடுகிறது! "சாவியைத் திருப்பவே வேண்டாம்" என்று உடனே சொன்ன அண்ணனுக்குப் பெரிய நன்றி. அந்த ஒரு சொல்தான் காப்பாற்றியது.

மீட்பு வண்டியில் ஏற்றிக் கும்பகோணம் பட்டறைக்குக் கொண்டுபோனோம். டேங்கை முழுவதும் வடித்து, குழாய்களைக் கழுவி, டீசல் ஃபில்டரை மாற்றினார்கள். உயர் அழுத்தப் பம்புக்கு டீசல்தான் மசகு; பெட்ரோல் அந்த மசகைக் கரைத்துவிடும். பிறகு உலோகம் உலோகத்தோடு உரசும். உதிரும் துகள்கள், என்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் வரை போய் அடைக்கும். என்ஜினை இயக்கியிருந்தால் செலவு பல மடங்காகியிருக்கும் என்றார் மெக்கானிக்.

"கொஞ்சம்தானே, மேலே டீசல் ஊற்றி ஓட்டுங்கள்" என்று சிலர் சொன்னார்கள். இன்றைய காமன் ரெயில் என்ஜின்களில் (ஒரே பொதுக் குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டர்களுக்கும் உயர் அழுத்தத்தில் டீசல் போகும் வகை) தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பட்டறைச் செலவைப் பங்க் உரிமையாளரே ஏற்றுக்கொண்டார். ரசீதைப் பத்திரமாக வைத்திருந்தது உதவியது.