செவிலியர் படிப்பில் உடலியங்கியல்: விரிவுரையா, நோயாளியை முன்வைத்த கேள்வியா?

கடலூர் ஆசிரியை:
கடலூரில் உள்ள ஒரு செவிலியர் கல்லூரியில் முதல் பருவ மாணவிகளுக்கு உடலியங்கியல் நடத்துகிறேன். அவர்களில் பலர் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவர்கள். சவ்வூடு பரவலை (உப்பு குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்துக்குச் சவ்வின் வழியே நீர் நகர்வதை) இரண்டு மணி நேரம் பலகையில் விளக்கினேன். தேர்வில் வரையறையை எழுத்துப் பிசகாமல் எழுதினார்கள். ஆனால், சிரை வழியாக வெறும் காய்ச்சி வடித்த நீரை ஏற்றினால் என்ன ஆகும் என்று கேட்டபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. விரிவுரையைக் குறைத்து, நோயாளியின் நிலையிலிருந்து பாடத்தைத் தொடங்கலாமா?

வில்லியனூர்:
தொடங்கலாம், ஆனால் விரிவுரையை அடியோடு கைவிட வேண்டாம். 1969-இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் சிக்கல்வழிக் கற்றல் (விரிவுரைக்குப் பதில், நோயாளியின் சிக்கல் ஒன்றிலிருந்து பாடத்தைக் கற்கும் முறை) தொடங்கப்பட்டபோது, சிறு குழுவும் குழுவுக்கொரு வழிகாட்டியும் அதன் அடிப்படையாக இருந்தன. அறுபது பேருக்கு ஒரே ஆசிரியர் இருக்கும் வகுப்பில் நான் அதை அப்படியே இறக்கிப் பார்த்தேன். நான்கு பேர் பேசினார்கள், மற்றவர்கள் அவர்கள் சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள். இப்போது இருபது நிமிடம் நடத்திவிட்டு, ஆறு ஆறு பேராகப் பிரித்து ஒரே ஒரு கேள்வி கொடுக்கிறேன்: வயிற்றுப்போக்கில் வாடிய குழந்தைக்குக் கொடுக்கும் உப்புக் கரைசலில் சர்க்கரை எதற்கு? தெம்புக்கு என்றுதான் எல்லாக் குழுவும் ஆரம்பிக்கும். சிறுகுடலில் சோடியமும் குளுக்கோசும் ஒரே கடத்திப் புரதத்தின் வழியே சேர்ந்து உள்ளே செல்கின்றன, நீர் அவற்றைப் பின்தொடர்கிறது என்ற இடத்துக்கு அவர்கள் வந்து சேர அரை மணி நேரமாகும். அதன் பிறகே படத்தைப் பலகையில் வரைகிறேன்.

முதுநகர்:
உப்புப் போட்ட மீனிலிருந்து நீர் வடிவதைப் பார்க்காத பிள்ளை எங்கள் துறைமுகப் பக்கம் இல்லை, அங்கிருந்தே தொடங்குங்கள். பிறகு மூன்று சோதனைக்குழாய்களில் காய்ச்சி வடித்த நீர், 0.9 சதவீத உப்புநீர், 3 சதவீத உப்புநீர் எடுத்து, உறைதடுப்பான் சேர்த்த இரத்தத்தை ஒவ்வொன்றிலும் இரண்டு சொட்டு விடச் சொல்லுங்கள் (கையுறை கட்டாயம்). முதல் குழாயில் சிவப்பணுக்கள் வெடித்துத் தெளிந்த சிவப்பாகிவிடும். பின்னால் செய்தித்தாளைப் பிடித்தால் எழுத்தைப் படிக்கலாம். மற்ற இரண்டும் கலங்கலாகவே நிற்கும். மூன்றாவதில் அணுக்கள் சுருங்கியிருப்பதை நுண்ணோக்கியில்தான் காண முடியும்.

கடலூர் ஆசிரியை:
இருவருக்கும் நன்றி. ஆனால் வரையறைக்கே மதிப்பெண் கிடைக்கும் வரை, குழுவில் பேசுவதை வீண்பொழுது என்றுதானே மாணவிகள் நினைப்பார்கள்?

வில்லியனூர்:
பல்கலைக்கழக வினாத்தாள் நம் கையில் இல்லை, உள்தேர்வு இருக்கிறது. அதில் வரையறைக்கு ஒரு மதிப்பெண்ணும், காய்ச்சி வடித்த நீரை ஏற்றுவது பற்றி நீங்கள் கேட்ட அந்தக் கேள்விக்கு நான்கு மதிப்பெண்ணும் வையுங்கள்.