புதுப்பிப்பு: ஃபைபர் படகின் பின்பலகைக் கசிவு

பவானிசாகர் படகில் மோட்டார் மாட்டும் பின்பலகை (ஃபைபருக்குள்ள மரம்) ஈரம் குடிக்குதுன்னு போட்டிருந்தேனுங்க. கசிவு போல்ட் ஓட்டை வழியாத்தான். மேலே அப்பியிருந்த சிலிக்கான் பசை தோலாட்டம் உரிஞ்சு வந்துருச்சு.

12 மி.மீ. ஓட்டையை 20-க்கு அகட்டினதும் வந்த மரத்தூளைப் பாருங்க. வெளுப்பா உதிர்ந்தா மரம் தேவலை. கறுத்துப் பிசுபிசுத்தா உளுத்துருச்சு, பலகையையே மாத்தணும். இது வெளுப்பு.

நல்லாக் காயவிட்டு, முதல்ல நீர்த்த எபாக்ஸியை (ரெண்டு திரவம் கலந்தா இறுகுற பிசின்) ஓட்டைக்குள்ள ஊறவிட்டேன்; அப்புறம் சிலிக்காப் பொடி கலந்த கெட்டி எபாக்ஸி, ரெண்டு தடவையா. நம்மூர் வெயிலுக்கு ஒரே மூச்சில் ஊத்தினா சூடேறி விரிசல் விட்டுரும். மறுநாள் இறுகின எபாக்ஸி நடுவில் 12 மி.மீ. துளை, போல்ட்டுக்குப் பாலியூரித்தேன் சீலன்ட் (தண்ணி புகாம அடைக்கிற பசை). முதல்ல கையிறுக்கம், சீலன்ட் இறுகினதும் நட்டை மட்டும் திருகணும். போல்ட் தலை சுத்தினா ஒட்டு விட்டுரும்.