வளரும் இணையக் கடைக்கு எந்தக் கார்ட் மென்பொருள்? நாங்கள் பார்த்தவையும் முடிவு செய்தவையும்

என் அக்காவும் அத்தானும் இரும்புத் தோசைக்கல், மாக்கல் சட்டி, மண்பானை ஆகியவற்றை இணையத்தில் விற்கிறார்கள். கடையின் மென்பொருள் வேலைகளை நான் கவனித்துக்கொள்கிறேன். விரல்விட்டு எண்ணக்கூடிய ஆர்டர்கள் வந்த காலத்தில் வேர்ட்பிரஸ் என்ற இணையதள மென்பொருளின் மேல் நிறுவிய வூகாமர்ஸ் என்ற கார்ட் (இணையக் கடையை நடத்தும்) மென்பொருள் குறையின்றி ஓடியது. பண்டிகைக் காலங்களில் ஆர்டர்கள் குவியத் தொடங்கிய பிறகு, இதிலேயே இருப்பதா, வேறொரு கட்டற்ற மென்பொருளுக்கு மாறுவதா என்று தீர்மானிக்க வேண்டி வந்தது. இதே நிலையில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் தலைவலி பணம் செலுத்தும் இடத்தில் தொடங்கியது. வாடிக்கையாளர் கைப்பேசியில் யுபிஐ வழியாகப் பணம் கட்டும்போது, உலாவியை விட்டு வேறொரு செயலிக்குள் போகிறார். பணம் போய்விட்டது என்று தெரிந்தவுடன் பலர் உலாவிக்குத் திரும்புவதே இல்லை. அப்போது பணம் வந்த செய்தியைப் பேமென்ட் கேட்வேயின் (இணையத்தில் பணம் பெற்றுத் தரும் சேவையின்) சர்வர் நம் சர்வருக்கு நேரடியாகத் தெரிவிக்க வேண்டும். வெப்ஹூக் எனப்படும் இந்த ஏற்பாடு சரியாக அமையாவிட்டால், பணம் வந்த பிறகும் ஆர்டர் நிலுவையிலேயே நிற்கும். சரக்கு இருப்பைக் கணக்கிடும் வசதியை இயக்கியிருந்தால், அப்படி நிற்கும் ஆர்டரை 60 நிமிடங்களில் தானாக ரத்து செய்து, அந்தச் சரக்கை மறுபடி விற்பனைக்கு விடுவது வூகாமர்ஸின் இயல்பமைப்பு. இருப்பில் ஒரே ஒரு பெரிய மாக்கல் சட்டி இருக்கும்போது, பணம் கட்டியவருடைய ஆர்டர் ரத்தாகி, அடுத்து வந்தவர் அதையே வாங்கிவிட்டால் கடைக்காரர் இருவருக்கும் பதில் சொல்ல வேண்டும். அக்கா காலையில் வங்கிக் கணக்கையும் ஆர்டர் பட்டியலையும் அருகருகே திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தொகையாக ஒப்பிட்டு டிக் அடிப்பார். பட்டியலில் ‘ரத்து’ என்றிருக்கும் ஒரு பெயருக்கு நேராக வங்கியில் முழுத் தொகையும் வந்திருக்கும்.

ஆகவே எந்தக் கார்ட்டைப் பரிசீலித்தாலும், நீங்கள் பயன்படுத்தும் கேட்வேக்கான பிளக்கின் (கூடுதல் வசதி சேர்க்கும் துணை நிரல்) அதற்கு இருக்கிறதா, அதை யார் பராமரிக்கிறார்கள், கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள், பணத்தைத் திருப்பி அனுப்புவதை ஆர்டர் பக்கத்திலிருந்தே செய்ய முடியுமா என்பவற்றை முதலில் பாருங்கள். வார்ப்புருவின் அழகை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்தது வேகம். பொருள் பட்டியல் பக்கங்களை கேஷில், அதாவது முன்பே தயாரித்த நகலாக, வைத்து எளிதாகக் காட்டிவிடலாம். வாங்கும் பொருட்களைக் காட்டும் கார்ட் பக்கமும் பணம் கட்டும் செக்-அவுட் பக்கமும் ஆளுக்கு ஆள் மாறுபவை என்பதால் அவற்றை அப்படி வைக்க முடியாது. எனவே விற்பனை கூடும் நாளில் சுமை முழுவதும் டேட்டாபேஸ் மீது விழுகிறது. வூகாமர்ஸ் நெடுங்காலம் ஆர்டர்களை வேர்ட்பிரஸின் கட்டுரைகள் இருக்கும் அதே டேபிளிலும் (டேட்டாபேஸில் உள்ள அட்டவணை), அவற்றின் விவரங்களை வரி வரியாக மெட்டா டேபிளிலும் சேமித்து வந்தது. ஓர் ஆர்டருக்கே அங்கே பல பத்து வரிகள் சேரும். 2023 அக்டோபரில் வந்த 8.2 பதிப்பிலிருந்து, புதிய கடைகளுக்கு ஆர்டர்களைத் தனி டேபிள்களில் வைக்கும் முறையே இயல்பானதாயிற்று. பழைய கடைகள் தாங்களே மாற வேண்டும். எந்த பிளக்கின் புதிய முறையோடு ஒத்துப்போகவில்லை என்பதை மென்பொருளே காட்டிவிடுகிறது. நாங்கள் கடையின் நகலொன்றில் முதலில் மாற்றிப் பார்த்து, ஒத்துப்போகாத பிளக்கின்களை நீக்கிய பிறகே உண்மையான கடையில் செய்தோம். ஆர்டர் பட்டியலில் தேடும்போது இருந்த தாமதம் கண்கூடாகக் குறைந்தது.

மற்றவற்றையும் நிறுவிப் பார்த்தோம். ஓபன்கார்ட் எடை குறைந்தது, கற்றுக்கொள்ள எளிது. ஆனால் 3 ஆம் பதிப்புக்கு எழுதிய நீட்சிகள் (அதன் பிளக்கின்கள்) 4 இல் அப்படியே ஓடுவதில்லை என்பதால், நீட்சிகளை நம்பியிருக்கும் கடைகளுக்கு அந்த மாற்றம் பெரிய வேலை. மெஜெண்டோவின் ஆற்றலில் சந்தேகமே இல்லை. எனினும் 2.4 பதிப்பு முதல் அதற்குத் தனித் தேடல் சேவையொன்றும் கட்டாயமாகத் தேவைப்படுவதால், ஒரே சர்வரைப் பல தளங்கள் பகிர்ந்துகொள்ளும் மலிவான ஹோஸ்டிங்கில் அதை நடத்த முடியாது. மெஜெண்டோ 1 க்கான ஆதரவு 2020 ஜூன் 30 உடன் முடிந்தபோது, அதில் கடை வைத்திருந்தவர்கள் ஏறக்குறைய புதிதாகவே கட்ட வேண்டியிருந்தது. முழுநேர நிரலாளர் இல்லாத சிறு கடைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வரி விஷயத்தையும் சேர்த்துப் பாருங்கள். தமிழ்நாட்டுக்குள் அனுப்பினால் சிஜிஎஸ்டியும் (மத்திய ஜிஎஸ்டி) எஸ்ஜிஎஸ்டியும் (மாநில ஜிஎஸ்டி), வெளிமாநிலத்துக்கு ஐஜிஎஸ்டியும் (மாநிலங்களுக்கிடையேயான ஜிஎஸ்டி) பில்லில் வர வேண்டும். வூகாமர்ஸில் தமிழ்நாட்டுக்கு வெவ்வேறு முன்னுரிமை எண் கொண்ட இரண்டு வரிகளையும், மற்ற மாநிலங்களுக்குப் பொதுவாக ஒரு வரியையும் எழுதினால் போதும். இதற்கென்று காசு கொடுத்து எந்த பிளக்கினும் வாங்கத் தேவையில்லை. 2025 செப்டம்பர் 22 அன்று இரும்புப் பாத்திரங்களுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தபோது, பொருட்களை ஒவ்வொன்றாகத் திருத்தாமல், வரி வகுப்பில் இருந்த விகிதத்தை மட்டும் மாற்றினோம். எந்தக் கார்ட்டை எடுத்தாலும் சோதனைத் தளத்தில் இதைச் செய்து பார்த்துவிடுங்கள்.

இப்போதைக்கு வூகாமர்ஸிலேயே தொடர்வதென்று முடிவு செய்திருக்கிறோம். பாத்திரக் கடைக்காரர்கள் மொத்தமாகக் கேட்கத் தொடங்கியிருப்பதால், அவர்களுக்குத் தனி விலையும் இரண்டு கிடங்குகளுக்குத் தனித்தனி இருப்புக் கணக்கும் விரைவில் தேவைப்படும். வாடிக்கையாளர் குழுவுக்கேற்ற விலை, பல கிடங்கு இருப்பு ஆகிய இரண்டும் லாராவெல் என்ற நிரலாக்கச் சட்டகத்தில் எழுதப்பட்ட பாகிஸ்டோ என்ற கட்டற்ற கார்ட் மென்பொருளில் தனி பிளக்கின் இல்லாமலேயே இருப்பதால், அதை ஒரு சோதனைத் தளத்தில் நிறுவி, பழைய ஆர்டர்களை அதற்குள் ஏற்றிப் பார்த்து வருகிறேன். எங்கள் கேட்வேயின் வெப்ஹூக் அதில் ஒழுங்காக வேலை செய்கிறதா என்பதைப் பார்த்த பிறகுதான் மேற்கொண்டு யோசிப்போம்.