'தி லாஸ்ட் யூனிகார்ன்' டிவிடியில் சுருதி ஏறி ஒலிக்கிறது, உதவி தேவை

1982-இல் வந்த இந்தப் படம் முழுக்கக் கையால் வரைந்தது. ஜப்பானின் டாப்கிராஃப்ட் ஸ்டூடியோ கலைஞர்கள் தீட்டிய அந்தக் கடல் நுரைக் காட்சிக்கு ஈடாக எதையும் நான் பார்த்ததில்லை. என்னிடம் இருப்பது ஜெர்மனியில் வாங்கிய, பிஏஎல் (ஐரோப்பிய டிவி முறை) டிவிடி. வினாடிக்கு 24 பிரேம் ஓட வேண்டியது 25 ஓடுகிறது. எல்லாமே 4 சதவீதம் வேகம். ஆங்கில ஒலித்தடத்தில் மன்னன் ஹேகார்டாகப் பேசும் கிறிஸ்டோபர் லீயின் கனத்த குரல் மெலிந்துபோகிறது. ஜிம்மி வெப்பின் பாடல்களும் அப்படித்தான்.

வேறு பிளேயரில் போட்டுப் பார்த்தேன், டிவியின் ஒலி அமைப்பை மாற்றினேன், பலனில்லை. அப்புறம் விண்டோஸ் 10 மடிக்கணினியில், விஎல்சி என்ற வீடியோ பிளேயர் மென்பொருளில் வேகத்தை 0.96 ஆக்கினேன். படம் சரியான வேகத்துக்கு வந்தது, சுருதி மட்டும் இறங்கவில்லை.

வேகத்தோடு சுருதியும் சேர்ந்து இறங்க விஎல்சியில் எந்த அமைப்பை மாற்ற வேண்டும்?