பட்டியலை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனபோது

மொடக்குறிச்சித் தொகுதியில் எங்களுடையது ஒரு சின்னப் பேரூராட்சி. பள்ளிக்கூட வேலையோடு வாக்குச்சாவடி நிலை அலுவலர் வேலையும் பார்ப்பதால், வாக்காளர் பட்டியலும் கையுமாக வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறேன். யாருக்கு ஓட்டு என்று நான் கேட்கக் கூடாது, கேட்டதும் இல்லை. ஆனால் உட்காரச் சொல்லி மோர் கொடுத்துவிட்டு அவர்களாகவே பேசுவார்கள்.

‘கொங்குன்னா ரெட்டை இலைதானே’ என்று வெளியூர்க்காரர்கள் சொல்லும்போது எனக்கு மனசு ஒப்பாது. 2021இல் தி.மு.க. ஆட்சியைப் பிடித்தபோதும் கோவை மாவட்டத்தின் 10 தொகுதிகளும் அ.தி.மு.க. கூட்டணிக்கே போயின, உண்மைதான். அதற்கு இரண்டு வருசம் முன்பு, 2019 நாடாளுமன்றத் தேர்தலில், கோவையில் மார்க்சிஸ்ட்டும் திருப்பூரில் இந்திய கம்யூனிஸ்ட்டும் ஜெயித்தன. எங்கள் ஈரோட்டில் ம.தி.மு.க.வின் கணேசமூர்த்தி உதயசூரியனில் நின்று ஜெயித்தார். இரண்டு வருசத்தில் ஊர் சனமா மாறிவிட்டது? தோட்டத்துப் பெரியப்பா ஒருவர் சொன்னார்: “டெல்லிக்கு ஒரு கணக்கு, கோட்டைக்கு ஒரு கணக்குங் கண்ணு. ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்கக் கூடாது.”

அவர் 1996 தேர்தலையும் பார்த்தவர். விவசாயிகள் தங்கள் குறையை நாடு கவனிக்கட்டும் என்று கூட்டமாக மனுப் போட, எங்கள் தொகுதியில் 1,033 வேட்பாளர்கள் ஆகிப்போனார்கள். தேர்தலைத் தள்ளிவைத்து, வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அடித்தார்கள். கடைசியில் ஜெயித்தது தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன். 88 பேருக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. சிலருக்கு வேறு தொகுதியில் ஓட்டு இருந்திருக்கும். மற்றவர்கள் தன் பெயர் அச்சடித்த புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே வழக்கமான சின்னத்தில் குத்திவிட்டு வந்தவர்கள்தான். போராட்டத்துக்குத் தன் பெயர், ஆட்சிக்குத் தன் கட்சி. எங்கள் ஊரைப் புரிந்துகொள்ள எனக்கு இது ஒன்றே போதும். அதன் பிறகுதான் சட்டமன்ற டெபாசிட்டை 250 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கினார்கள்.

சாதி இல்லையா என்றால், இருக்கிறது. வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பதிலேயே அது வந்துவிடுகிறது. ஆனால் ஒரே சாதி, ஒரே குடும்பத்துக்குள் ஓட்டு பிரிவதையும் பார்த்திருக்கிறேன். கீழ்பவானி வாய்க்காலுக்கு கான்கிரீட் போடும் பிரச்சினையில் மாமனும் மச்சானும் ஆறு மாதம் பேசிக்கொள்ளவில்லை. மேலே இருக்கிறவருக்கு வாய்க்கால் கசிந்தால்தான் கிணறு ஊறும். கடைமடையில் இருக்கிறவருக்கோ, கசிவை அடைத்தால்தான் தண்ணீரே வந்து சேரும். இருவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. ஒரே பந்தியில் இலை போட்டும் முகம் பார்க்காமல் சாப்பிட்டார்கள்.

காலனிக்குப் போனபோது நடந்ததுதான் இன்னும் மனசில் நிற்கிறது. திண்ணையில் ஒரு பாட்டி. அருந்ததியர் உள் ஒதுக்கீடு 3 சதவீதம் 2009இல் வந்ததால்தான் தன் பேத்தி இன்ஜினியரிங் சேர்ந்தாள் என்று ஆரம்பித்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “தோட்டத்து ஊட்டுல போயி உங்க ஓட்டு யாருக்குன்னு கேக்கறாங்க டீச்சர். எங்ககிட்ட வந்தா, இதுக்குப் போட்டுருன்னு சொல்லிட்டுப் போறாங்க” என்றார். பட்டியலில் அவர் பெயரைச் சரிபார்த்துக்கொண்டிருந்த என் பேனா நின்றுவிட்டது. நாங்களும் தோட்டத்து வீடுதான்.

*

பல்லடம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன் டீச்சர். உங்களுக்கு வாய்க்கால் என்றால் எங்களுக்குத் தறி. விசைத்தறிக்கு இலவச மின்சாரம் 2006இல் தி.மு.க. ஆட்சியில் 500 யூனிட் என்று வந்தது. 2016இல் அ.தி.மு.க. 750 ஆக்கியது. 2023இல் தி.மு.க. 1,000 ஆக்கியது. எங்கள் அப்பா 12 தறி வைத்துக் கூலிக்கு ஓட்டுகிறார். ஓட்டுக் கேட்டு இரண்டு கட்சிக்காரர்களும் வாசலுக்கு வந்தால் இருவரிடமும் ஒரே கேள்விதான்: “கரண்டு குடுத்தீங்க, சந்தோசம். பேசி முடிச்ச கூலிய வாங்கிக் குடுப்பீங்களா?” தறிச் சத்தத்தில் காது கேட்காதது மாதிரி நோட்டீசைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அப்பா எந்தப் பக்கம் போடுகிறார் என்று அம்மாவுக்கே தெரியாது.

*

எழுதியதற்கு நன்றி தம்பி. அந்தப் பாட்டியைப் பற்றி ஒன்று விட்டுப்போனது. 2021இல் எங்கள் தொகுதியில் பா.ஜ.க.வின் சரஸ்வதி, அதே சுப்புலட்சுமி ஜெகதீசனை வெறும் 281 ஓட்டில் ஜெயித்தார். சில நாள் கழித்து ரேஷன் கடை வரிசையில் அந்தப் பாட்டியைப் பார்த்தேன். எத்தனை ஓட்டு வித்தியாசம் என்று அவரே கேட்டார். சொன்னேன். விரலில் மை இன்னும் முழுசாக அழியவில்லை. அந்த விரலை மடக்கி மடக்கி ஏதோ எண்ணினார்.

“எங்க வீதியிலயே அதவிட ஓட்டு அதிகமுங்களே டீச்சர்” என்றார்.